பசித்த உண்ணிகளும் குடித்த உண்ணிகளும்

நாமக்கல்லில் நான் கால்நடை ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த அதே நாளில் அவளும் சேர்ந்தாள். இருவருக்கும் வழிகாட்டி ஒரே மேடம். ஆட்டு உண்ணியின் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், அது ரத்தம் குடித்தபின் மாறுகின்றனவா, ஊருக்கு ஊர் மாறுகின்றனவா என்பதுதான் எங்கள் வேலை.

அவள் திருச்செங்கோட்டுக்காரி. நான் ஆத்தூர்ப் பக்கம். அவளுடைய ஊர்ப் பட்டிகளுக்கு நாங்கள் இருவரும் முதன்முதலாகப் போனபோதே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

"ஏனுங்க, ரெண்டு உண்ணி புடிச்சுக்கறேனுங்க" என்று அவள் சொன்னதும், ஆட்டுக்காரம்மா படலைத் திறந்துவிட்டு, "வா சாமி, ஊட்டுக்குள்ள வந்து மோர் குடிச்சிட்டுப் போ" என்றார். பின்னால் போன என்னைப் பார்த்ததும், "நீங்க தள்ளி நில்லுங்க. புது ஆளுன்னா ஆடு மெரளுமுங்க."

ஆடு என்னவோ அசையாமல்தான் நின்றது.

மேடம் வேலையைப் பிரித்தபோது, ஆட்டின் மேல் ரத்தம் குடித்துக் குன்றிமணியாக உப்பிய உண்ணிகள் அவள் பங்கு. புல்லில் பசியோடு காத்திருப்பவை என் பங்கு. இரண்டு ஊர் மேய்ச்சல் நிலங்களிலும் வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டே வெயிலில் நடப்பேன். எள் அளவில் ஒன்றோ இரண்டோ ஒட்டும். சில நாள் அதுவும் இல்லை. அவளுடைய குப்பிகள் ஆய்வகத்தில் நிறைந்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

முடிவுகள் வந்தன. ஆத்தூர் உண்ணிக்கும் திருச்செங்கோட்டு உண்ணிக்கும் பாக்டீரியாக்கள் வேறு வேறு என்று அவள் படம் போட்டுக் காட்டினாள்.

"ரெண்டு எடத்துலயும் ஆட்டு இனம் வேற. இது ஊரால வந்ததா, குடிச்ச ரத்தத்தால வந்ததா?" என்று கேட்டார் மேடம்.

அவள் தன் படத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

என் படத்தைத் திறந்தேன். வளர்ந்தபின் இன்னும் ரத்தமே குடிக்காத என் உண்ணிகளிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தது. ஒரே ஊரின் உண்ணிகளை ஒப்பிட்டால், பசித்ததில் பல வகை கலந்திருந்தன; குடித்ததில் ஒரே வகை ஓங்கி மற்றவை ஒடுங்கியிருந்தன. ஊரும் மாற்றுகிறது, ரத்தமும் மாற்றுகிறது.

அவள் முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன். அவளோ ஓடிவந்து என் கையைப் பிடித்து, "நல்லவேளை புள்ள, உன் உண்ணி இல்லீன்னா நான் மாட்டியிருப்பேன்" என்று சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கோயம்புத்தூர்க் கருத்தரங்கில் யார் பேசுவது என்ற பேச்சு வந்தபோது மேடம் யோசிக்கவே இல்லை. "அவ பேசட்டும், தெளிவாப் பேசுவா."

அவள் பேசினாள். என் துணியையும் வெயிலையும் பெருமையாகவே சொன்னாள். அரங்கம் கைதட்டியது. ஒருவர், பசித்த உண்ணிகளைச் சாகாமல் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். அவள் என் பக்கம் கை காட்டினாள். "குப்பியில ஈரப் பஞ்சு வச்சோம்" என்றேன். அடுத்த கேள்வி மறுபடி அவளுக்கே போனது.

திரும்பும் பேருந்தில் பவானி தாண்டுவதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இத்தனை குலுக்கலில், ஜன்னல் வெயில் முகத்தில் விழ, ஒருத்திக்கு எப்படித்தான் இப்படித் தூக்கம் வருகிறதோ என்று அதற்கும் எரிந்துகொண்டு, தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.