காக்ஸ் டவுனில் ஒரு கைப்பிடி மண்

பாட்டில் தண்ணீரில் மண்ணைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும் களிமண் அதன் மேலேயும் படியும். காக்ஸ் டவுன் பள்ளிக்கூடமொன்றில் இதைச் செய்து காட்டத்தான் வந்திருக்கிறேன். மண்ணையுமா பஸ்ஸில் சுமப்பார்கள் என்று காலி பாட்டிலோடு வந்தது என் தப்பு. பள்ளி வளாகம் முழுக்க சிமெண்ட். மரத்தடியைக்கூட விட்டுவைக்காமல் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். தெருத்தெருவாக அலைந்து, கடைசியில் ஒரு செடிக்கடையில் நிற்கிறேன்.

"ஒரு கைப்பிடி மண்ணு வேணும்மா."

"கோகோபீட்தான் சார் இருக்கு, தேங்காநார்த் தூளு. மண்ணுன்னா பால்கனி கறையாவுதுன்னு யாரும் கேக்கறதில்ல," என்கிறார் கடைக்காரம்மா.

"செடிக்கடையிலயே மண்ணு இல்லியா?"

"சனிக்கிழமை லோடு வரும் சார். ஓசூர்லருந்து வரணும்ல."

காலையில் ஓசூரில், செருப்பில் அப்பியிருந்த செம்மண்ணைப் படிக்கட்டில் தேய்த்துத் தள்ளிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.