மோசமான பாதைக்கே முதல் பரிசு

தோற்றவனைத் தேடிப் பிடித்துப் பரிசு கொடுக்கிற வேலை எங்களுடையது. பல்கலைக்கழக ஆய்வுக்காக இலங்கை மலையகப் பாதைகளை அளந்து மார்க் போடுகிறோம். ஆகக் குறைந்த மார்க் வாங்கும் பாதைக்கு முதலில் தார் கிடைக்கும். பஸ்ஸில் தலையை இடித்துக்கொண்டே ஊர் போய்ச் சேரும் அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

பொகவந்தலாவை பஸ்

குலுக்கலை அளக்கும் பெட்டி ஒன்றை பஸ்ஸின் தரையில் கட்டியிருந்தோம். அது உடையுமா என்று டிரைவர் விசாரித்தார். விலை உயர்ந்த சாமான், பார்த்து ஓட்டுங்கள் என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்று அவர் ஓட்டிய அழகு இருக்கிறதே! இல்லாத நல்ல பாதையை எங்கிருந்தோ கண்டுபிடித்து, வளைவுக்கு வளைவு பஸ்ஸை நெளித்துக்கொண்டு போனார். பயணிகள் வாயைத் திறந்து தூங்கினார்கள். பெட்டியின் கணக்குப்படி நாங்கள் போனது விமான ஓடுபாதையில். இறங்கும்போது பெருமையோடு சொன்னார்: "உங்க பெட்டி பத்திரம் சேர். ஒரு குழியிலயும் விடல."

விருந்தாளிகள்

அடுத்தது லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாதை. அம்புலன்ஸ் மேலே ஏறாது. நோயாளியை நாற்காலியில் வைத்து மெயின் ரோட்டுக்குத் தூக்கி வருவார்கள். முதல் முறை பார்த்தபோதே மனசு கேட்கவில்லை. தார் இதற்குத்தான் என்று நானும் எங்கள் ஆய்வுத் தலைவி செல்வராணி மேடமும் நம்பியிருந்தோம்.

அளக்கப் போன காலையில் பாதையில் குழியே இல்லை! பெரியவர்கள் பார்வையிட வந்தால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைக் கூட்டி, தண்ணீர் ஓடும் கானைச் சுத்தம் செய்து, ஓரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது தோட்டத்துப் பழக்கம். நாங்கள் வருகிறோம் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டுவிட்டு, லயமே திரண்டு சிரமதானம் செய்து கல்லும் மண்ணும் கொட்டி இறுக்கியிருந்தது. அப்படியே அளந்தால் தார் வேறு தோட்டத்துக்குப் போய்விடும். இதை விளக்கியதும் தோட்டத் தலைவர் முத்தையா அண்ணன் கேட்டார்: "ஆளுங்க வர்றப்ப வீட்ட அலங்கோலமா போட்டு வைக்கலாமுங்களா?"

மம்பட்டி

உடனே பத்துப் பேர் மம்பட்டியோடு வந்து, சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் தோண்டிவிடுகிறோம் என்றார்கள். எனக்கும் ஆசைதான். மேடம் மறுத்துவிட்டார். அவரும் லயத்தில் பிறந்தவர்; அந்தப் பாதைக்குத் தார் விழ வேண்டும் என்ற தவிப்பு என்னைவிட அவருக்குத்தான் அதிகம். மழையில் மண் கரைந்தபின் வந்து அளக்கிறோம், அதுவரை பாதையில் யாரும் கைவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் முணுமுணுத்தேன். ஜீப்பில் ஏறும்போது மேடம் சொன்னார்: "தோண்டின குழிய அளந்தா, நாம அளக்குறது மம்பட்டியத்தான்."

மழைக்குப் பின்

லிந்துலை மழைக்கு வெற்றிலை பாக்கு வைத்தா அழைக்க வேண்டும்? மறுபடி போனபோது பழைய குழிகள் அத்தனையும் வாயைப் பிளந்து கிடந்தன. குலுங்கிய குலுக்கலில் எனக்குப் பல் ஆடியது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

தேநீர் குடிக்கும்போதுதான் தெரிந்தது. இடையில் முத்தையா அண்ணனின் மகளுக்குப் பிரசவ வலி வந்திருக்கிறது. கொட்டும் மழையில் நாற்காலியில் வைத்து, ஆள் மாற்றி ஆள் மாற்றிக் கீழே தூக்கிப் போயிருக்கிறார்கள். நல்லவேளை, தாயும் பிள்ளையும் சுகம். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய குழிகளிலாவது கல் போட்டு ஓர் ஆட்டோவை ஏற்றியிருக்கலாமே என்று கேட்டார். முத்தையா அண்ணன் சாதாரணமாகச் சொன்னார்: "கைவைக்க வேணாமுன்னீங்க. ஒரு கல்லுகூடப் போடல மேடம்."

தார் அந்தப் பாதைக்கே கிடைத்தது. மார்க் போட்டுப் பிழைக்கிற எனக்கு, அந்த லயத்துக்கு எத்தனை போடுவது என்றுதான் இன்னும் விளங்கவில்லை.