தம்பிக்கு வலிப்பு என்று சொன்னேன்

முருகனை நம்பும் உங்கள் முன்னால் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் சந்தேகப் பிராணி. அவன் எனக்குச் செய்த உதவியைக்கூட நெடுநாள் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

எனக்கு முதன்முதலாக வலிப்பு வந்தது 1990 ஐப்பசியில். முப்பத்தைந்து வயது. மறைமலை நகர் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். காலையில் பல்லாவரம் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். ரயில் வருவது தெரிந்தது. வந்தது தெரியாது. கண் விழித்தபோது உள்ளங்கையில் யாரோ திணித்த சாவிக்கொத்து, நாக்கில் ரத்தம், சுற்றிலும் முழங்கால்கள். என் உடம்பு என்னைக் கேட்காமல் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்திருந்தது. எங்கே போனாய் என்றால் பதில் இல்லை.

டாக்டர் மாத்திரை எழுதினார். இது கூடவே இருக்கும், ஆனால் கட்டுப்பாட்டில் வைக்கலாம் என்றார். நான் நம்பவில்லை. அன்றிலிருந்து யாரையுமே நம்பவில்லை. கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றால் அது என்னைப் பற்றித்தான். என் மனைவி சரோஜா அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதினால், தபாலில் போடுவதற்கு முன் திருட்டுத்தனமாகப் படித்துவிடுவேன்.

எங்கள் மகள் வள்ளிக்கு அப்போது ஒன்றரை வயது. தை மாதத்தில் ஒருநாள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபோது வலிப்பு வந்தது. சரோஜா ஓடிவந்து பிடித்துவிட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு நான் அவளைத் தூக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வருவாள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் அவள் என்னிடம் வருவதையே விட்டுவிட்டாள்.

மதுராந்தகத்திலிருந்து மாமியார் வந்தார். "கொழந்தைய நான் கூட்டிட்டுப் போறேன் மாப்ளே. உங்களுக்கு ஒடம்பு சரியானதும் கொண்டாந்து விடுறேன்."

சரியாகாது என்று அவருக்கும் தெரியும். ஆடி முடியட்டும் என்று தவணை வாங்கினேன்.

நான் செய்ததெல்லாம் கிருத்திகை விரதம். விடிந்ததிலிருந்து மாலை தீபாராதனை வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. 'இனி வரக் கூடாது. என் பிள்ளையை நான் தூக்க வேண்டும்.' இவ்வளவுதான் என் வேண்டுதல். ஆனால் விரதத்தன்றோ மறுநாளோதான் அது வந்தது. சோதிக்கிறான் என்று நினைத்துச் சஷ்டியையும் சேர்த்துக்கொண்டேன். இன்னும் அதிகமாக வந்தது. கடைசியில் அவன்மீதே சந்தேகம் விழுந்தது. கேட்கிறானா, கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறானா?

ஆனி மாதம் டாக்டர் சொன்னார்: "மாத்திரை மட்டும் போதாது சார். தாம்பரத்துல ஒரு ஸ்கூல்ல ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு உங்கள மாதிரி இருக்கறவங்க கூடுறாங்க. போய்ப் பேசுங்க."

பேசினால் வியாதி கேட்குமா? எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்களா? ஏதாவது எண்ணெய் விற்பார்களோ? போனேன், நம்பி அல்ல, வேவு பார்க்க.

ஒரு வகுப்பறை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மனநல ஆலோசகர் மல்லிகா மேடம் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதைக் கண்டதுமே கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"எனக்கில்ல. என் தம்பிக்கு வலிப்பு" என்றேன்.

பக்கத்தில் பல்லாவரம் சந்தையில் பூ விற்கும் நாகராஜ் அண்ணன். அவருக்கும் இதே வியாதி, சின்ன வயதிலிருந்து.

"தம்பி இன்னா வேல சார்?"

"கம்பெனியில ஸ்டோர்ஸ்."

"கல்யாணம் ஆய்ட்ச்சா?"

"ஒரு பொண்ணு. அத அவன் தூக்கறதில்ல."

நான்கு ஞாயிறு தம்பியைப் பற்றியே பேசினேன். தம்பி பிளாட்பாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தம்பி பெண்டாட்டியின் கடிதத்தைத் திருடிப் படிப்பான். வாழ்க்கையில் அவ்வளவு உண்மையை நான் பேசியதேயில்லை. "அந்தாள ஒரு நாளு இட்டுகினு வா சார்" என்று நாகராஜ் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது நெஞ்சு லேசாக இருக்கும். அந்த லேசையும் சந்தேகப்பட்டேன்.

ஐந்தாம் ஞாயிறு ஆடிக் கிருத்திகை. பட்டினியோடு போனேன். பெஞ்சிலிருந்து சரிந்தது மட்டும் நினைவிருக்கிறது.

விழித்தபோது ஒருக்களித்துப் படுத்திருந்தேன். தலைக்குக் கீழே மல்லிகை மணக்கும் துண்டு. கையில் சாவி இல்லை. யாரும் சூழ்ந்து நிற்கவில்லை. மேடம் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் நீடித்தது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகராஜ் அண்ணன் குனிந்து கேட்டார்.

"தம்பிக்கு இப்போ எப்டி கீது சார்?"

அறையே சிரித்தது. கடிபட்ட நாக்கோடு நானும் சிரித்தேன்.

அந்த நோட்டைக் காட்டச் சொன்னேன். மேடம் என் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டே வரி. 'தம்பிக்கு என்கிறார். அவராகச் சொல்லும்வரை யாரும் கேட்க வேண்டாம்.'

சிரிப்பு அழுகையாக மாறியது. தெளியும்வரை விட்டுவிட்டு மேடம் கேட்டார். "காலையில மாத்திரை போட்டீங்களா?"

"இன்னைக்குக் கிருத்திகை மேடம். சாப்பிட்டுட்டுத்தான மாத்திரை போடணும்?"

"போன தடவை வந்தப்போ?"

"சஷ்டி."

"அதுக்கு முன்னாடி?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சோறு இல்லாத நாளெல்லாம் மாத்திரையும் இல்லை. நானே வெட்டிய குழிக்கு முருகன் பெயரை வைத்திருந்தேன்.

நாகராஜ் அண்ணன் நெற்றி விபூதியைத் தொட்டுக் காட்டினார். "நானும் கிருத்திகதான் சார், பதினஞ்சு வருசமா. டாக்டராண்ட கேட்டுகினேன், பால்ல மாத்திரைய முழுங்கிடுவேன். முருகன் வேற வேலையில்லாம உன் மாத்திரைய எண்ணிகினு குந்திகினு கீறாரா?"

குழந்தையைத் தூக்கும் பயத்துக்கும் மேடத்திடம் பதில் இருந்தது. "நின்னுக்கிட்டுத் தூக்க வேணாம். தரையில உக்காந்து மடியில வெச்சுக்கோங்க."

இத்தனை மாதம் இது எனக்குத் தோன்றவேயில்லை.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் எல்லாம் சொன்னேன், கடிதம் படித்ததையும். "தெரியும்" என்றாள். "அதனாலதான் உங்களப் பத்தி நல்லதா நாலு வரி சேத்து எழுதுவேன்."

தரையில் உட்கார்ந்து வள்ளியைக் கூப்பிட்டேன். வரவில்லை. என் சந்தேகம் அவளுக்கும் ஒட்டியிருந்தது. மறுநாளும் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள், என் முகத்தைப் பார்க்காமல், பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து வந்து மடியில் உட்கார்ந்தாள். நான் அசையவில்லை. ஆடி முடிந்து வந்த மாமியார் அதைப் பார்த்தார். வெறுங்கையோடு ஊருக்குப் போனார்.

வியாதி போய்விடவில்லை. அடுத்த வருடம் இரண்டு முறை வந்தது. மாத்திரை இன்றும் உண்டு, விரத நாளிலும். சந்தேகப் புத்தியும் முழுசாகப் போகவில்லை. எங்கேயோ பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு முருக பக்தரை, அதே வியாதியோடு, எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தது யார்? என் வழக்கப்படி வேறு காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதனால் கும்பிடுகிறேன்.

ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு இன்னும் அங்கே போகிறேன். உங்களுக்கும் தீராத நோய் இருந்தால், யாரிடமும் சொல்ல முடியாமல் அவனிடம் மட்டும் அழுதுகொண்டிருந்தால், ஒருநாள் வாருங்கள். கதவோரம் உட்காரலாம். பெயர்கூடக் கேட்க மாட்டோம்.