முந்நூறு பேர் ஊர்

சித்தி அமெரிக்காவிலிருந்து முதன்முறை வந்தபோது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் வேறு யாருக்கும் அமெரிக்காவில் சொந்தம் இல்லை. வகுப்பில் அதனால் எனக்கொரு தனி மரியாதை. சித்தி வீட்டு ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்துவிடும் என்று சொல்லி வைத்திருந்தேன். குழாயடியில் அம்மாவும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டோ பார்க்க எங்கள் கூடம் நிறைந்துவிட்டது. முதல் படம் சோளக்காடு. இரண்டாவதும் அதே காடுதான், அறுவடை முடிந்து பனி மூடிக் கிடந்தது. பிறகு ஒரே ஒரு தெரு, கால் முளைத்த ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சித்தப்பாதான் அதற்கு ஒரே டாக்டர்.

"மலை கிடையாது, ஆறு கிடையாது. எந்தப் பக்கம் பாத்தாலும் வானம் தரையில வந்து முட்டும்" என்றாள் சித்தி.

கடைசிப் படத்தில் அவள் ஊர் எல்லைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர்ப்பெயர், அதற்கு அடியில் ஜனத்தொகை. முந்நூற்றுச் சொச்சம்.

"இன்னாக்கா இது, நம்ம லைன்லயே அதவிட ஜாஸ்தி கீறோம்!" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

கூடமே சிரித்தது. காபி கொண்டுவரும் சாக்கில் உள்ளே போன அம்மா நெடுநேரம் வெளியே வரவில்லை. நான் கூட்டி வந்திருந்த சிநேகிதி என் முகத்தையே பார்த்தாள். எனக்குக் காது மடல் வரை சுட்டது. சித்தி மட்டும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் சித்தி என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பட்டணத்துக்குத் துணி எடுக்கப் போனாள். மாலையில் சென்ட்ரலில் கூட்டமில்லாத முதல் வண்டியை வேண்டுமென்றே விட்டாள். அடுத்தது பிதுங்கி வழிந்தது. அதில்தான் ஏறினாள். உட்கார இடம் கிடைத்ததும் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் பெயர் என்ன, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். பெட்டியே திரும்பிப் பார்த்தது. நான் துணிப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

காலி மீன்கூடையோடு சித்தியை ஒட்டி உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள்: "இன்னாம்மே, ஜனத்தொகை எடுக்க வந்துகீறியா?"

சித்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எங்க ஊர்ல மொத்தமே முந்நூறு பேருதாம்மா."

"அய்ய! அப்ப யாராண்ட சண்ட போடுவே?"

"யாருமே இல்லம்மா" என்றாள் சித்தி. அதன்பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அம்பத்தூரில் பாதிப் பெட்டி இறங்கியது. திருமுல்லைவாயிலில் எதிர்ப்பலகை முழுக்கக் காலியாகிவிட்டது. சித்தி நகரவில்லை. கண்ணை மூடி, அந்த அம்மாளின் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். அந்த அம்மாளும் கூடையை மறுபக்கம் தள்ளி வைத்துவிட்டு அசையாமல் இருந்தாள்.

"சித்தி, எவ்ளோ எடம் கீது, தள்ளி உக்காருங்க" என்று புடவையை இழுத்தேன். அவள் கண் திறக்கவில்லை.

தெரிந்தவர்கள் யாரும் ஏறிவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவ்வளவு காலி இடம் இருக்கையில் ஒருத்தி ஏன் இப்படி நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது ஆவடி வந்து இறங்கும்வரை எனக்கு விளங்கவேயில்லை.