பாதி பதமிட்ட தோல்

ஆவாரம்பட்டைச் சாயம் ஏறி ஏறி, ஞாயிறு ஆராதனைக்குப் போகும்போதுகூட ஞானையாவின் கைகள் பழுப்பாகவே இருக்கும். பல்லாவரத்தில் தோல் பதமிடும் ஷாப்பில், பட்டைத்தண்ணீர்த் தொட்டியில் இறங்கித் தோல்களைத் தினமும் புரட்டிப்போடுவதுதான் அவர் வேலை. புரட்டாவிட்டால் தோல் கறைபட்டுக் கெட்டுவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், பாதி பதமிட்ட தோலைக் கப்பலேற்ற அரசாங்கம் வரம்பு கட்டியது. முழுக்கப் பதமிட்டு மெருகேற்ற முதலாளியிடம் மெஷின் இல்லை. பட்டை வாங்குவதை நிறுத்தினார், ஞானையா உட்பட ஆட்களையும் நிறுத்தினார்.

மகன் சுந்தர்சிங் தாம்பரத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா பி.ஏ., இது நல்ல சட்டமா?"

"நாட்டுக்கு நல்லதுதாம்பா. அரைகுறையா வித்தா லாபமெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்குப் போவுது."

"அவன் வாங்கின தோல்லதாண்டா நீ படிச்சே" என்று சிரித்தார் ஞானையா.

சுந்தர்சிங் சொன்னது, பரீட்சையில் முழுப்பக்கம் எழுதி மார்க் வாங்கிய பதில்தான்.

மறுநாளும் அவர் வழக்கமான ரயிலில் போய்விட்டார். கூட்டிவர சுந்தர்சிங் பின்னாலேயே போனான். அவர் தொட்டிக்குள் நின்றிருந்தார்.

"வாங்க ஆளே இல்லாத தோல்பா, வா வூட்டுக்கு."

"கெட்டுப்பூடும்டா."

புதுப் பட்டை விழாத தண்ணீர் ஏற்கெனவே புளித்து நாறியது. அது அவருக்கும் தெரியும். குனிந்து அடுத்த தோலைப் புரட்டினார்.