இரண்டாம் கவுண்டர் கறிவேப்பிலை

கறிவேப்பிலைக்குக் காசு கேட்பவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். காய் வாங்கினால் ஒரு கொத்து சும்மா போட வேண்டும். அதுதான் முறை. அத்தையும் அதைத்தான் கேட்டாள்.

நான் ஐந்தாவது படிக்கும்போது குமாரபாளையத்தில் எங்கள் தெருமுனையில் சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். அப்பாவின் தங்கையான அத்தை, தறி ஓட்டிவிட்டுத் தலையில் ஒட்டிய பஞ்சோடு என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். யாரும் அதட்டவில்லை. அதுவரை அவளுக்குக் கடை பிடித்துத்தான் இருந்தது.

இரண்டாம் கவுண்டரில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு அக்கா காய்க்கெல்லாம் பில் போட்டு முடித்தாள். அத்தை காசைக் கொடுத்துவிட்டுப் பையை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.

"கருவேப்பிலை போடு அம்மணி."

"அது பாக்கெட்டுங்க்கா. தனி பில்லு."

"சந்தைல சும்மாதான போடறாங்க?"

"இங்க முடியாதுங்க்கா. கம்ப்யூட்டருல கணக்கு இருக்குது."

"கருவேப்பிலைக்கே பில்லுன்னா, நாளைக்கு மூச்சு உடறதுக்கும் போடுவீங்களாட்ட இருக்குது! போடற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

நகரவில்லை. வரிசை நீண்டது. பின்னால் ஒருவர், "ஏனுங்க, என்ற ஐஸ்கிரீம் பாயசமாயிருச்சுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் இரண்டு பெண்கள், "அந்தக்கா கேக்கறது நாயந்தானுங்க" என்று சேர்ந்துகொண்டார்கள். மேனேஜர் தூரத்திலிருந்து கழுத்தை நீட்டினார்.

அக்கா அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு பாக்கெட்டை எடுத்து இயந்திரத்தில் காட்டினாள். பீப் என்றது. வந்த துண்டுச் சீட்டை மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, கறிவேப்பிலையை அத்தையின் பையில் போட்டாள். சூப்பர் மார்க்கெட்டில் சும்மா கொடுப்பது இப்படித்தான் போல என்று நினைத்தேன்.

அத்தை ஜெயித்த கதையைத் தறிப்பட்டறை முழுக்கச் சொன்னாள். நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். "ரெண்டாவது கவுண்டரு அக்காவக் கேளுங்க, அதுதான் குடுக்கும்." அந்த வாரம் அந்தக் கவுண்டரில் மட்டும் வரிசை வாசலைத் தாண்டியது. நானே மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் பீப், சீட்டு, மடிப்பு. அக்காவின் கோட்டுப் பை புடைத்திருந்தது.

"அந்தக்கா சீட்டெல்லாம் சேத்து வெச்சிருக்குது அத்தை."

அத்தை தாளித்துக்கொண்டிருந்தாள். "என்ன சீட்டு?" என்றாள். நான் சொல்லச் சொல்ல அடுப்பை அணைத்துவிட்டுப் பையை என் கையில் திணித்து, செருப்பைக்கூடப் போடாமல் நடந்தாள்.

இரண்டாம் கவுண்டரில் வேறு யாரோ இருந்தார்கள். அத்தை நேராக மேனேஜரிடம் போனாள்.

"அந்தப் புள்ளை எங்க?"

"நேத்தோட நின்னுருச்சுங்க. அது பேருல இருந்த கருவேப்பிலை பில்லையெல்லாம் சம்பளத்துல புடிச்சமுங்க."

"அத எங்கிட்டப் புடிங்க. அந்தப் புள்ளையக் கூப்புடுங்க. கூப்புடற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

இந்த முறை வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அத்தையின் குரல் உடைந்திருந்தது. மறுபடியும் கறிவேப்பிலைக்குத்தான் சண்டை என்று நினைத்து, அவள் பக்கத்தில் நான் பையை நன்றாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.