மூன்றாம் படுக்கையில் படித்த பெயர்

தாம்பரத்தில் ஒரு சிறிய டயாலிசிஸ் மையத்தில் நர்ஸாக இருக்கிறேன். வாரம் மூன்று நாள் என்று வருடக்கணக்கில் வருகிறவர்கள் நோயாளிகளாகவே தோன்ற மாட்டார்கள். சண்டை போடலாம், கேலி செய்யலாம். பொழிச்சலூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் அப்படித்தான். நாலு வருடம் மூன்றாம் எண் படுக்கை. ஏசி குளிருகிறது என்று குரங்குக் குல்லாவோடு வருவார். வந்ததும் என் கையெழுத்தைக் குறை சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இறந்துவிட்டார். செவ்வாய் காலை டூட்டிக்குப் போனதும் சொன்னார்கள். நான் அழவில்லை. அழுகிற நர்ஸைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அன்றே அந்தப் படுக்கைக்குக் கோவளத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா புதிதாக வந்தார்.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஃபில்டர் எங்களிடம் ஒவ்வொருவருக்கும் தனி. அடுத்த முறைக்குக் கழுவி, பெயர் எழுதி அலமாரியில் வைத்திருப்போம். மெஷினில் மாட்டும் முன் பெயரை உரக்கப் படிக்க வேண்டும். படித்தேன்.

"அது ஆம்பள பேராச்சே. நான் இல்லமா," என்றார் அந்த அம்மா.

கையில் இருந்தது வாத்தியாருடைய ஃபில்டர். இந்த அம்மாவுக்குப் புதிதைப் பிரிக்காமல், பழக்கத்தில் கை அதை எடுத்திருக்கிறது. மாட்டியிருந்தால்? இன்னொருவர் ரத்தம் ஓடிய ஃபில்டர். இன்னொரு நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு நேரே இன்சார்ஜ் அக்காவிடம் போனேன்.

"நான் வேலைய விட்டுடறேன்க்கா."

அக்கா முதலில் நடந்ததை ரிப்போர்ட்டாக எழுத வைத்தார். அதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு கையில் டீயைக் கொடுத்து, "வாத்தியார் சாரப் பத்தி ஏதாவது சொல்லுடி" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் குல்லாவில் ஆரம்பித்தேன். சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகை. அவருக்கு முன்னால் போனவர்களுக்கு அழாமல் விட்டதெல்லாம் சேர்ந்து வந்தது. இப்போது யார் இறந்தாலும், அவரைப் பற்றிப் பேச எங்கள் மையத்தில் பத்து நிமிடம் உண்டு.

அன்று முகம் கழுவிக்கொண்டு மூன்றாம் படுக்கைக்குத் திரும்பினேன்.

"தப்பா எடுத்துட்டேன்மா, மன்னிச்சிருங்க."

"நீ சத்தமா படிச்சதாலதான தெரிஞ்சிச்சி? வுடு. அந்தாளு உனக்கு சொந்தமா?"

"இல்லம்மா. நாலு வருஷம் இந்தப் படுக்கையில இருந்தாரு."

அந்த அம்மா அழுது சிவந்த என் கண்ணையே பார்த்தார்.

"அப்ப நான் போனாலும் அழுவியா?"

"அதெல்லாம் அப்புறம். வியாழக்கிழமை லேட் பண்ணாம வாங்க."

"அன்னிக்கு நீ இருப்பியா?"

"இருப்பேன்."